கோப்பையில் எழுதிய குலம்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் சாப்பாட்டுத் தட்டைக் கோப்பை என்றுதான் சொல்வோம். தேநீர் குடிப்பதை நினைத்துக்கொண்டு இதைப் படித்தால் ஒன்றும் விளங்காது. சோறு போட்டுச் சாப்பிடுகிற கோப்பை. என் வாழ்க்கையில் நான் மிகவும் வெட்கப்பட்ட இரண்டு நாட்களும் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த நாட்கள்தான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ரொறன்ரோ நகர மத்தியில் ஓர் ஏல நிறுவனத்தில் வேலை செய்தேன். செத்துப்போன பணக்காரரின் வீட்டுச் சாமான்கள் லொறியில் வந்து இறங்கும். அவற்றை நிலவறையில் வைத்துக் கழுவி, துடைத்து, இலக்கம் ஒட்டி மேலே அனுப்புவது என் வேலை. விற்றபிறகு பொதிசெய்து வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் கொடுப்பது அவருடைய வேலை. அவர் என்று நான் சொல்வது என்னைவிட மூன்று வயது மூத்த யாழ்ப்பாணத்து இளைஞர் ஒருவரை. மோர்னிங்சைட் பக்கம் ஒரு அபார்ட்மென்டில் தாயோடு இருந்தார். அந்த நிலவறையில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். மேலே இருப்பவர்களைப் பற்றி அவர்கள் முன்னாலேயே முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு நக்கல் அடிப்பதில் எங்கள் பழக்கம் தொடங்கியது. பிறகு பஸ் தரிப்பிடம்வரை ஒன்றாக நடந்தோம். அந்த வருடம் முடிவதற்குள், கல்யாணம் கட்டினால் இவரைத்தான் கட்டுவது என்று நான் தீர்மானித்துவிட்டேன். அவரிடம் அதைச் சொன்னதும் நான்தான். பொறுமை எனக்குப் பிறவியிலேயே இல்லை.

அந்தக் குளிர்காலத்தில் பெரிய சாப்பாட்டுச் செட் ஒன்று வந்தது. வைக்கோலும் பழைய பத்திரிகையும் அடைத்த பெட்டிகளுக்குள் இருந்து கோப்பை கோப்பையாக எடுத்தோம். இருநூறு வருடத்துக்கு மேல் பழையது. சீனாவில் செய்தது. ஆனால் ஒவ்வொன்றின் நடுவிலும் ஓர் ஐரோப்பியக் குடும்பத்தின் குலச்சின்னம் இருந்தது. இரண்டாகப் பிரித்த கேடயம். இடப்பக்கம் மூன்று பறவைகள், வலப்பக்கம் கோதுமைக் கட்டு, மேலே ஒரு தலைக்கவசம். கிண்ணம், மூடி, சாஸ் விடுகிற பாத்திரம் எல்லாவற்றிலும் அதே கேடயம்.

எங்கள் மேலாளர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. வேறு நாளில் காலை வணக்கம் சொல்லவே யோசிப்பவர், பீங்கானைக் கண்டால் பேச்சை நிறுத்தமாட்டார். அன்று நிலவறைக்கு இறங்கி வந்து எங்களுக்கு ஒரு வகுப்பே எடுத்தார். பணமும் குலமும் உள்ள குடும்பங்கள் தங்கள் சின்னத்தைத் தாளில் வரைந்து கப்பல்காரரிடம் கொடுத்துவிடுமாம். அது சீனாவின் கன்டன் துறைமுகத்துக்குப் போய்ச் சேரும். அங்கே இருக்கும் ஓவியர்கள் தாளில் கண்டதை அப்படியே பீங்கானில் தீட்டுவார்கள். வருடக்கணக்கில் காத்திருந்தால் செட் வந்து சேரும், கப்பல் கவிழாவிட்டால். கல்யாணத்துக்காகச் செய்வித்தது என்றால் மாப்பிள்ளையின் குலம் ஒரு பாதியிலும் பொம்பிளையின் குலம் மறுபாதியிலும் இருக்கும். இதுவும் ஒரு கல்யாணச் செட்தான்.

அந்தப் பறவைக்குக் கால் வரைவதில்லையாம், அவர்கள் குலச்சின்ன மரபு அப்படி. கன்டன் ஓவியருக்கு அந்த மரபு என்ன தெரியும்? கால் இல்லாமல் நிற்கிற பறவையைப் பார்த்துப் பாவப்பட்டாரோ என்னவோ, மூன்றுக்கும் வடிவாகக் கால் வைத்துவிட்டார். அந்தப் பிழையால் செட்டுக்கு இன்னும் மதிப்பு என்று மேலாளர் சந்தோஷப்பட்டார்.

“இவ்வளவு பாடுபட்டுச் சின்னத்தைப் போட்டது எதற்கு?” என்று கேட்டேன்.

“விருந்துக்கு வந்தவர் சாப்பிட்டு முடிக்கும்போது, தான் யாருடைய மேசையில் இருக்கிறார் என்று கோப்பையில் தெரியவேண்டும்,” என்றார் அவர்.

மேலாளர் மேலே போனபிறகு நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். “வெள்ளையளின்ர குலப்பெருமையைப் பாருங்கோ. சோத்துக் கோப்பையிலயும் எழுதி வைச்சிருக்கினம்.”

பக்கத்தில் நின்ற அவர் சிரிக்கவில்லை. ஒரு கோப்பையைத் துணியால் துடைத்துக்கொண்டே கேட்டார். “உமக்கும் எனக்கும் உப்பிடி ஒண்டு செய்விச்சா என்ன கீறுவினம்?”

“எங்கட பாதியில ஒரு பனை மரம்,” என்றேன்.

“என்ர பாதியை வெறுமையா விடச் சொல்லும்.”

பகிடி என்று நினைத்தேன். அவர் கோப்பையை வைத்துவிட்டு நேரே என்னைப் பார்த்துச் சொன்னார். ஊரில் தகப்பன் செய்த தொழிலைச் சொன்னார். தன் தாய் எந்தக் கோயில் வீதியில் வெளியே நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பி வருவார் என்று சொன்னார். குரலில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. பெட்டியில் என்ன இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

“உம்மட வீட்டில கேப்பினம். கேட்டா நான் பொய் சொல்லமாட்டன். அதை இப்பவே உமக்குச் சொல்லிப்போட்டன்.”

“எங்கட வீட்டில உதொண்டும் பாக்கிறேல்லை,” என்றேன் நான், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. “அப்பா இளந்தாரியா இருக்கேக்க சமபந்தி போசனத்தில இருந்து சாப்பிட்டவர். ஊரே அவரைப் பேசினது.”

அது உண்மைதான். எல்லாச் சாதியையும் ஒரே பந்தியில் இருத்திச் சோறு போட்ட அந்தக் கூட்டத்துக்கு அப்பா போயிருந்தார். அந்தக் கதையை எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்வார். நான் அதைக் கேட்டே வளர்ந்தவள். எனக்கு அப்பா மேல் அவ்வளவு பெருமை.

இரண்டு கிழமை கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். வேலையில் ஒரு பெடியன், நல்ல பெடியன் என்று மட்டும் அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்கு அதுவே போதும். இருபத்தேழு வயதாகியும் ஒன்றும் சரிவராத மகள், தானாக ஒருவரைக் கூட்டிக்கொண்டு வருகிறாள். விடியவே எழும்பி ஆட்டிறைச்சி, கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, சொதி, வாழைக்காய்ப் பொரியல் என்று குசினியை அமர்க்களப்படுத்திவிட்டார். ஷோகேஸைத் திறந்து பொன் விளிம்பு போட்ட கோப்பைகளை எடுத்து மேசையில் வைத்தார். அவை சுப்பர்மார்க்கெட்டில் சாமான் வாங்க வாங்க ஒவ்வொன்றாகக் கொடுத்தவை. வருடக்கணக்காகச் சேர்த்தவர். எங்களை அதில் சாப்பிட விடமாட்டார். விருந்தாளி என்றால்தான் அவை வெளியே வரும்.

அவர் பழப் பெட்டியோடு வந்தார். மேசையைத் தாண்டித்தான் சோபாவுக்குப் போகவேண்டும். கோப்பைகளை ஒரு பார்வை பார்த்துக்கொண்டு போனார். எங்கள் தொழில் அப்படி, எங்கே கோப்பையைக் கண்டாலும் கண் தானாகப் போகும்.

பிறகு அம்மா எதிரே உட்கார்ந்து விசாரணையைத் தொடங்கினார். எங்கள் ஆட்களுக்கு அது கைவந்த கலை. ஒருவரிடமும் சாதி என்ன என்று கேட்கமாட்டார்கள். அப்படிக் கேட்பது பண்பில்லாத வேலை.

“தம்பிக்கு ஊரில எவடம்?”

அவர் ஊரின் பெயரைச் சொன்னார்.

“ஓ, அங்க எங்கட சொந்தக்காரர் இருக்கினம். ஊருக்குள்ள எந்தப் பக்கம்?”

“பள்ளிக்கூடத்துக்கு மேற்கால.”

“மேற்காலயெண்டா, குளத்துக்கு இஞ்சாலையோ அங்காலையோ?”

“அங்கால, அம்மா.”

“அப்பா என்ன செய்தவர், தம்பி?”

சொன்னார். என்னிடம் சொன்ன அதே சொல்லில், அதே குரலில் சொன்னார். அப்பா கையில் வைத்திருந்த தமிழ்ப் பத்திரிகையின் பக்கத்தைப் புரட்டினார். அம்மாவின் சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது. “நல்லது தம்பி, இருங்கோ, சாப்பாடு எடுக்கிறன்,” என்று எழும்பினார்.

மேசையில் கோப்பைகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்படும் சத்தம் கேட்டது. எனக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும், நாள் முழுக்கக் கேட்பது. அம்மா பொன் விளிம்புக் கோப்பைகளை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் கடுதாசிக் கோப்பைகள் இருந்தன. அன்று வேலைக்குப் போயிருந்த என் தம்பியின் சிநேகிதன் ஒருவனின் பிள்ளைக்குப் பிறந்தநாள் செய்து மிஞ்சியவை, பிரிட்ஜுக்கு மேலே பையில் கிடந்தவை. சிவப்பும் நீலமுமாகப் பலூன் படம் போட்டவை.

“கழுவிற வேலை மிச்சம் பாருங்கோ,” என்றார் அம்மா.

அவருக்கு மட்டும் போட்டிருந்தால் நான் அந்த இடத்திலேயே சண்டை பிடித்திருப்பேன். அம்மா கெட்டிக்காரி. எல்லோருக்கும் போட்டார். அப்பாவுக்குக் கடுதாசிக் கோப்பை, எனக்குக் கடுதாசிக் கோப்பை, தனக்கும் கடுதாசிக் கோப்பை. தண்ணீருக்குக் குடித்துவிட்டு எறிகிற கப். யார் என்ன குறை சொல்லமுடியும்? அவமானத்தை அளந்து எல்லோருக்கும் சமமாகப் பரிமாறிவிட்டார்.

அப்பாவைப் பார்த்தேன். சமபந்தியில் சாப்பிட்ட அப்பா பலூன் படத்தின் மேல் சோற்றைப் போட்டுக் குழைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவே இல்லை. நான் எத்தனையோ தடவை நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன கதை அன்றோடு முடிந்தது. இந்த வீட்டுப் பிள்ளை என்று சொல்லவே எனக்குக் கூசியது.

வந்தவர் ருசித்துச் சாப்பிட்டார். அம்மாவும் கை நிறைய இறைச்சி அள்ளி அள்ளிப் போட்டார், அதில் ஒரு குறையும் இல்லை. சொதி ஊறிக் கோப்பை தொய்ந்துபோக, அவர் அடியில் ஒரு கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு சாப்பிட்டார். “நல்ல ருசி அம்மா,” என்றார்.

சாப்பிட்டு முடிந்ததும் தன் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு எழும்பினார். எங்கள் வீடுகளில் விருந்தாளி எச்சில் கோப்பையைத் தூக்க விடமாட்டார்கள். பாய்ந்து பறிப்பார்கள், “ஐயோ, நீங்கள் வையுங்கோ” என்று ஒரு இழுபறியே நடக்கும். அதற்காகவே விருந்தாளியும் ஒரு பேச்சுக்குத் தூக்குவார். அன்று அவர் தூக்கினார். ஒருவரும் பறிக்கவில்லை.

“குப்பை வாளி அதில இருக்குத் தம்பி,” என்றார் அம்மா.

நான் எழும்பிப் போவதற்குள் அவர் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்.

பஸ் தரிப்பிடம்வரை கூடப் போனேன். பனி உருகித் தெருவெல்லாம் சேறு. ஏதாவது பேசவேண்டும் என்று வாய் பரபரத்தது. வெட்கம் வந்தால் மனிதருக்கு முதலில் வருவது பொய்தான்.

“அம்மா எப்பவும் உப்பிடித்தான். அவவுக்கு முழங்கால் நோ, கன நேரம் நிண்டு கழுவ ஏலாது...”

“மேசையில முதல் இருந்த கோப்பையள நான் பாத்தனான்,” என்றார்.

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். கண்ணாடியூடாகக் கை காட்டினார். அதுவும் எனக்காகத்தான். நான் அழக்கூடாது என்று காட்டின கை.

வீட்டுக்கு வந்து நான் போட்ட சத்தம் ஒன்பதாம் மாடி முழுக்கக் கேட்டிருக்கும். அம்மா அசையவில்லை.

“நான் என்ன குறை விட்டனான்? எல்லாருக்கும் ஒரே கோப்பைதானே போட்டனான்?”

“ஏன் முதல் வைச்சதை எடுத்தனீங்கள்?”

“அது என்ர கோப்பை. என்ர விருப்பம்.” பிறகு குரல் உடைந்து, “உன்ர தம்பிக்கு நாளைக்கு ஆர் பொம்பிளை குடுப்பினம்? அதை யோசிச்சனியோ?” என்று அழத் தொடங்கினார்.

அந்த அழுகையும் பொய்யில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். அம்மா தான் ஒரு கொடுமை செய்ததாகவே நினைக்கவில்லை. மகள்தான் குடும்பத்தின் தலையில் மண் போட வந்ததாக நினைத்தார். அப்பாவிடம் திரும்பி, “நீங்கள் ஒண்டும் சொல்லமாட்டீங்களோ?” என்று கேட்டேன். “கொம்மாவோட கதை,” என்று என்னை அம்மாவிடமே தள்ளிவிட்டார் அப்பா. சமபந்தி போசனக் கதையை அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டில் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அடுத்த நாள் நிலவறையில் அந்தக் கல்யாணச் செட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். வெள்ளையர்களைப் பார்த்து எவ்வளவு சிரித்தேன். அவர்கள் தாளில் வரைந்து, கப்பலில் கடல் கடந்து அனுப்பி, வருடக்கணக்கில் காத்திருந்து தங்கள் குலத்தைக் கோப்பையில் போடுவித்தார்கள். எங்களுக்கு அந்தச் செலவே இல்லை. எங்கள் கோப்பையில் ஒரு கோடும் கிடையாது, வெறும் பொன் விளிம்புதான். இருந்தும் அதை மேசையில் வைத்தபோதும் எடுத்தபோதும் அதில் எழுதியிருந்ததை அங்கே இருந்த நான்கு பேரும் எழுத்துக் கூட்டாமல் வாசித்தோம்.

அவர் என்னோடு பேசாமல் இருக்கவில்லை. அப்படி இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். வழக்கம்போலப் பேசினார், வழக்கம்போல வேலை செய்தார். ஆனால் கல்யாணப் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. எந்த வாயால் எடுப்பது? ஏலத்தில் அந்தச் செட்டை முழுதாக வாங்க ஆளில்லாமல் பிரித்துப் பிரித்து விற்றார்கள். பகுதி மார்க்கம் நகரத்துக்குப் போனது, பகுதி மிசிசாகாவுக்குப் போனது. கடைசிப் பெட்டியைக் கட்டும்போது நான் கேட்டுவிட்டேன்.

“வேண்டாம் எண்டா வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. நான் ஒண்டும் நினைக்கமாட்டன்.”

அவர் நாடாவை ஒட்டி முடித்தபிறகுதான் பதில் சொன்னார். “எனக்கு வேண்டாம் எண்டில்லை. ஆனா அண்டைக்கு நான் இருந்த இருப்பு என்ர அம்மா ஒரு நாளும் இருக்கக்கூடாது. அவ ஊரில காணாததே? நீர் ஒருக்கா வந்து அவவைப் பாரும். அவ பயப்பிடாம உம்மோட இருந்து கதைச்சா, பிறகு யோசிப்பம்.”

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை மோர்னிங்சைடுக்குப் போனேன். பஸ்ஸில் போகும்போது என்னென்ன கதைப்பது என்று ஒத்திகை பார்த்தேன். அவவைக் கட்டிப்பிடிப்பேன், குசினிக்குள் போய் வெங்காயம் வெட்டிக் கொடுப்பேன், எங்கள் வீடு வேறு நான் வேறு என்று அவவுக்கு விளங்கவேண்டும். எங்கள் வீட்டுக் கணக்கை நான் ஒருத்தியாகத் தீர்த்துவிடலாம் என்று ஒரு எண்ணம்.

தாய் கதவைத் திறந்தார். ஒல்லியான மனுசி, புதிதாக மடிப்பு எடுத்த சீலை. “வணக்கம் அன்ரி,” என்று நான் கையை நீட்ட, அவர் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு ஓர் அடி பின்னால் போனார்.

“வாங்கோ பிள்ளை, வாங்கோ. இருங்கோ.”

என்னைவிட மூத்த மகன் வைத்திருக்கிறவர் என்னை நீங்கள், வாங்கோ என்றார். எங்கள் அம்மா அவருடைய மகனைத் தம்பி என்றபோது அதில் இருந்த மரியாதை எந்த வகை என்று எனக்குத் தெரியும். இது வேறு வகை. நான் உட்காரும்வரை அவர் உட்காரவில்லை. உட்கார்ந்தபிறகும் உட்காரவில்லை. குசினிக்கு வருகிறேன் என்றேன், “ஐயோ வேண்டாம், உடுப்பில மணக்கும்,” என்று மறித்தார். என் ஒத்திகை எல்லாம் வீணாகிப் போனது. அவர் ஊரைக் கேட்கவில்லை, அப்பாவைக் கேட்கவில்லை. கேட்கத் தேவை இருக்கவில்லை.

மேசைக்குக் கூப்பிட்டார். மகனுக்கு முன்னால் விளிம்பு கொஞ்சம் உடைந்த வெள்ளைக் கோப்பை. தாயின் இடத்திலும் அதைப் போல ஒன்று. என் இடத்தில் மட்டும் பளபளவென்று நீலப்பூப் போட்ட பீங்கான் கோப்பை. கடையில் ஒட்டிய விலைத் துண்டு அதன் ஓரத்தில் இன்னும் இருந்தது, ஒரு மூலை மட்டும் கிளம்பியிருந்தது.

தாய் அந்தத் துண்டை நான் பார்ப்பதைக் கண்டார். “அப்பிடியே விட்டனான் பிள்ளை,” என்றார் மெதுவாக. “புதுக் கோப்பை எண்டு உங்களுக்குத் தெரியவேணுமெல்லே. ஒருத்தரும் இதில சாப்பிடேல்லை.”

அவர், மகன், “அம்மா!” என்றார். முகம் கறுத்துப்போயிற்று. அவருக்கும் அது அப்போதுதான் தெரியும்.

எங்கள் அம்மா கோப்பையை எடுத்து ஒளித்தார். இந்த மனுசி எனக்காகக் கடைக்குப் போய்க் கோப்பை வாங்கி வந்திருந்தார், தன் வீட்டு எச்சில் என்மேல் பட்டுவிடக்கூடாது என்று. இரண்டும் ஒரே பாடம்தான். அதைப் படிப்பித்தவர்கள் எங்கள் ஆட்கள். படித்தது இவர். எனக்கு அந்த மேசையில் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சோற்றைப் பார்த்துக்கொண்டு கையை மடியில் வைத்தபடி இருந்தேன்.

அப்படி இருந்ததைத் தாய் வேறு மாதிரி விளங்கிக்கொண்டார்.

“எங்கட வீட்டில சாப்பிடமாட்டீங்களோ பிள்ளை?” என்று கேட்டார். குற்றமாகக் கேட்கவில்லை. சாப்பிடாவிட்டாலும் பரவாயில்லை என்ற குரலில் கேட்டார். “சோடா வாங்கி வைச்சிருக்கிறன். மூடி திறக்கேல்லை.”

“சாப்பிடுவன் மாமி,” என்றேன்.

மகன் என்னை நிமிர்ந்து பார்த்தார். கல்யாணம் முடிவான வீட்டில்தான் அப்படிக் கூப்பிடுவார்கள், அது அவருக்குத் தெரியும், தாய்க்கும் தெரியும். தாயின் கண் நிறைந்தது. நான் கையைக் கழுவாமலே அவசர அவசரமாகச் சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தேன். தாய் கறிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்று, கரண்டியை உயரப் பிடித்து, என் கோப்பையின் விளிம்பில் தன் விரல் பட்டுவிடாமல் கவனமாகக் கறி விட்டார்.